எத்தனால் காரும் பாஸ்காத் தண்ணீரும்

பழைய கார் ஒன்றுக்காக நான் வேலையை விட்டேன் என்று சொந்தக்காரர்கள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். அது தவறு. வேலையை விட்டது முதலில், கார் வந்தது அடுத்த மாதம். சென்னையில் எனக்கு இருந்த வேலை, கார் கதவின் கைப்பிடியைக் கம்ப்யூட்டரில் வரைவது. இரண்டு வருஷம் கைப்பிடி மட்டும் வரைந்தேன். கதவை வரைய வேறு ஆள் இருந்தான். கதவுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால், அது வேறு டீம் என்பார்கள். ஒரு நாள் மதுரை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்குப் பெரிய வருத்தமொன்றும் இல்லை.

கார் கிடைத்தது ஒரு டாக்டர் வீட்டு வேப்பமரத்தடியில். பதினைந்து வயது ஜெர்மன் கார். சூப்பர்சார்ஜர் வைத்தே பிறந்தது. அதாவது எஞ்சின் தானாக மூச்சிழுப்பது போதாதென்று, பெல்ட்டில் சுற்றும் ஒரு பம்ப் காற்றை அமுக்கி அமுக்கி உள்ளே திணிக்கும். காற்று கூடினால் எரிபொருளும் கூட்டலாம், எரிபொருள் கூடினால் வேகம். டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது. பத்து வருஷம் அதில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்வந்திருக்கிறார். சிங்கத்தைப் பிடித்து வந்து தயிர்சாதம் போட்டு வளர்த்தது போல.

கப்பலூர் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனிக்குப் பின்னால் ஒரு தகர ஷெட்டை வாடகைக்கு எடுத்தோம். எடுத்தோம் என்றால் நானும் என் கல்லூரி நண்பனும். அவன் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். அவன் தாத்தா அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர். அப்பாவுக்குச் சொந்தமாக மூன்று ஏக்கர் உண்டு. இவன் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவன். எஞ்சினின் கம்ப்யூட்டரைத் திறந்து, எவ்வளவு எரிபொருள், எப்போது பொறி என்ற கணக்கை மாற்றி எழுதத் தெரிந்தவன். அரசு வேலைக்கான பரீட்சை எழுது என்று அவன் வீட்டில் சொன்னார்கள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு என்னோடு வந்து காருக்கடியில் படுத்துக்கொண்டான்.

எத்தனால் யோசனை என்னுடையது. பழியை அவன்மேல் போட மாட்டேன். அமுக்கிய காற்று சூடாக இருக்கும். அந்தச் சூட்டில் பெட்ரோல் அவசரப்பட்டு, பொறி வருமுன்னே வெடித்துவிடும். எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவது போலக் கேட்கும். எத்தனால் அப்படி அவசரப்படாது, உள்ளே வரும் காற்றையும் குளிரவைக்கும். அதனால் இன்னும் காற்றைத் திணிக்கலாம், இன்னும் வேகம். எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன் தன் காரை இப்படி மாற்றிவிட்டு டயர் புகையப் பறக்கும் வீடியோவை நான் ஒரே வாரத்தில் நாற்பது தடவையாவது பார்த்திருப்பேன். அந்த ஊரில் இந்த எரிபொருள் தெருவுக்குத் தெரு கிடைக்கிறது என்ற விவரம் நாற்பத்தொன்றாவது தடவைதான் கண்ணில் பட்டது.

யாராவது கேட்டால் சுற்றுச்சூழல் என்று சொல்வேன். "இப்பவே எல்லா பங்க்லயும் பெட்ரோல்ல இருபது சதவீதம் எத்தனால் கலந்துதான் ஊத்துறாங்க. உங்களக் கேட்டா ஊத்துறாங்க? நான் என் வண்டியக் கேட்டுட்டு எம்பத்தஞ்சு ஊத்துறேன், அம்புட்டுதான் வித்தியாசம்." குடக் கம்பெனி ஆட்கள் டீ குடிக்கும் நேரத்தில் இதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். அதில் ஒருவர் மட்டும் தினமும், "அப்ப சாயங்காலம் மிச்சமிருந்தா சொல்லுங்க தம்பி" என்பார்.

எத்தனால் லிட்டர் கணக்கில் அதிகம் செலவாகும் சாமான். ஆகவே பெரிய பம்ப், எஞ்சினுக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் பெரிய இன்ஜெக்டர்கள், அது அரிக்காத குழாய்கள். எல்லாவற்றையும் கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டிக் களைத்தவர்கள் கழற்றிப்போட்ட குவியலிலிருந்து பொறுக்கிவந்தோம். எல்லாம் பூட்டி, முதல் தடவை எத்தனாலை ஊற்றிச் சாவியைத் திருகினோம். ஓடியது. நாங்கள் கட்டிப்பிடித்துக்கொள்வதற்குள் நின்றது. பதினைந்து வருஷமாக டேங்கின் சுவரில் ஒட்டிக்கிடந்த பிசுக்கையெல்லாம் எத்தனால் கழுவி இறக்கிவிட்டது. ஃபில்டரில் அத்தனையும் வந்து அடைத்திருந்தது. ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனுக்கு முந்தின வாரம் அது. எங்கள் பங்குக் கோயிலில் ஜனங்கள், செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்கும் நாட்கள். எங்கள் டேங்க் மாதிரி ஒளிக்காமல் எல்லாவற்றையும் கொட்டியவர்கள் அந்த வரிசையில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மூன்று ஃபில்டர் மாற்றியபின் டேங்க் சுத்தமானது, கார் நிற்காமல் ஓட ஆரம்பித்தது.

அப்பா இதை நம்பவில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். விடை மட்டும் எழுதினால் மார்க் போட மாட்டார், வழிமுறை வேண்டும். என்னிடம் அவர் கேட்டது விடையை மட்டும்.

"ஆறு மாசமாச்சு. அந்தச் சாமான் ஓடுமா, ஓடாதா?"

"ஓடுதுப்பா. ட்யூனிங்தான் கொஞ்சம் இருக்கு."

"போன மாசமும் ட்யூனிங்தான் இருந்துச்சு."

மிஷன் பாலிடெக்னிக் ஒன்றில் தாளாளரைப் பார்த்து எனக்கு விரிவுரையாளர் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார். வேலை என் பேருக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிவிட்டு நிபந்தனையையும் சொன்னார்.

"பாஸ்கா முடிஞ்சு மூணாவது ஞாயிறு. விளாங்குடில நம்ம வீட்ல கெளம்பி வாடிப்பட்டி மாதா கோயில்ல பூசை பாத்துட்டு வீட்டுக்கு வாரோம். நான், அம்மா, அத்தை, நீ. போகும்போதோ வரும்போதோ ஒரு தடவ எறங்கித் தள்ளவிட்டேன்னு வச்சுக்க, திங்கக்கெழமை பாலிடெக்னிக்ல போய்க் கையெழுத்துப் போடுற. தள்ளாம வந்து சேந்துட்டா, உன் ஷெட்டப் பத்தி நான் அப்புறம் வாயத் தெறக்க மாட்டேன்."

"வழியில எரிபொருள் போடலாமாப்பா?"

"போடு. நான் என்ன மனுசன் இல்லையா?"

நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. நான் உடனே சரி என்றேன். நான் எதற்கும் உடனே சரி என்கிற ஆள்.

அத்தை அப்பாவுக்கு மூத்தவள். எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. காரை ஒரு சாயங்காலம் விளாங்குடிக்கு ஓட்டிவந்து நிறுத்தியபோது, எரிந்த எத்தனால் வாடை தெரு முழுக்க இனிப்பாகப் பரவிக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரர் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க வீட்ல யாருங்க ஆரம்பிச்சது?" என்று மெதுவாக விசாரித்தார். இரண்டாம் நாள் விஷயம் அத்தைக்குப் போனது. நேரே வந்துவிட்டாள்.

"ஏண்டா, வண்டி சாராயத்துலயா ஓடுது?"

"சாராயம் இல்லத்தை. எத்தனால்."

"அப்படின்னா?"

"சாராயத்துல இருக்கிற அதே சாமான்தான். ஆனா அதவிடச் சுத்தம்."

இதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டு யாரும் என் முன்னால் நிற்பதை என்னால் தாங்க முடியாது.

"எம்புட்டுக் குடிக்கும்?"

"ஆறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர்."

அத்தை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒங்க மாமாவே அம்புட்டுக் குடிச்சதில்லடா."

மாமா குடித்த கதை எங்கள் சொந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். நிறுத்திய கதை இன்னும் நன்றாகத் தெரியும், அத்தை ஜெபக் கூட்டங்களில் எழுந்துநின்று சொல்லுவாள். பாஸ்கா இரவில், அதாவது ஈஸ்டருக்கு முந்தின ராத்திரிப் பூசையில், சாமியார் மந்திரித்துக் கொடுக்கிற தண்ணீரை எல்லோரும் பாட்டிலில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், வீட்டில் தெளிப்பார்கள், பிள்ளைகளுக்குக் காய்ச்சலென்றால் நெற்றியில் தடவுவார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் அதற்கு இன்னொரு உபயோகமும் வைத்திருக்கிறார்கள். குடிக்கிற புருஷனுக்குத் தெரியாமல் அவன் பாட்டிலில் அதைக் கலந்துவைப்பது. அத்தை ஒரு வருஷம் கலந்தாள். மாமா நிறுத்திவிட்டார். ஸ்கேனைக் கையில் கொடுத்து டாக்டர் போட்ட சத்தத்தில்தான் நிறுத்தினேன் என்று மாமா என்னிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். "அவகிட்டச் சொல்லிராத மாப்ள, பாவம்" என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் எனக்கு ஒரு சிக்கல் வந்தது. எத்தனால் விற்கிற பங்க் ஒன்றே ஒன்றுதான், ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையில். கேனோடு போய் நின்றால், "ஸ்டாக் இல்லண்ணே, அடுத்த வாரம் வாங்க" என்றான் பங்க் பையன். டேங்கில் பதினைந்து லிட்டர் கலவை இருந்தது. கணக்குப் போட்டேன். போக வர ஏழு லிட்டர். போதும். நிம்மதியாகத் தூங்கினேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். அப்பா முன்னால், என் பக்கத்தில். பின்னால் அம்மா, அத்தை, மடியில் லேப்டாப்போடு நண்பன். பூசைக்கு லேப்டாப்போடு வருகிறவனை அத்தை மேலும் கீழும் பார்த்தாள். "மாதா எல்லாருக்கும் பொதுதான அத்தை" என்றான். லேப்டாப்பில் இரண்டு கணக்கு வைத்திருந்தான், எத்தனாலுக்கு ஒன்று, ஆபத்துக்கு உதவ பெட்ரோலுக்கு ஒன்று. காரின் கம்ப்யூட்டரில் அப்போது இருந்தது எத்தனால் கணக்கு.

பரவை தாண்டி நாலுவழிச் சாலை திறந்ததும் லேசாக மிதித்தேன். சூப்பர்சார்ஜர் ஊளையிட்டது. அம்மா "யேசுவே" என்றாள். ஒரு தனியார் பஸ் பின்னால் போய்ச் சின்னதானது. அப்பா கதவுக்கு மேலிருந்த பிடியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல், "சத்தம் பரவாயில்ல" என்றார். முப்பது வருஷத்தில் அவரிடம் படித்தவர்களில் இந்தப் பாராட்டை வாங்கியவர்கள் குறைவு. சமயநல்லூர் போனதே தெரியவில்லை. முதல் மணி அடிக்கும்போது வாடிப்பட்டிக் கோயில் வாசலில் நின்றோம். பூசை முழுக்க நான் ஷெட்டுக்குப் போர்டு வரைந்துகொண்டிருந்தேன், மனசுக்குள்.

திரும்பும்போது ஐந்து கிலோமீட்டர் வந்திருப்போம். பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"பாத்தியாடா, வண்டி இன்னைக்கு எவ்வளவு ஒழுக்கமா ஓடுது."

"நம்ம ட்யூனிங் அப்படி அத்தை."

"ட்யூனிங்காம். நாந்தான் காலையில ஒரு பாட்டில் ஊத்துனேன்."

"என்ன பாட்டில்?"

"பாஸ்காத் தண்ணி. நீங்கல்லாம் வெளிக்கெளம்புறதுக்கு முன்னாடி வந்தேன்ல, அந்த மூடியத் தெறந்து முழுசா ஊத்திட்டேன். ஒரு லிட்டர் இருக்கும். எல்லாரும் வண்டிக்கு வெளிய தெளிப்பாங்க. இதுக்குக் கோளாறு உள்ளதானடா இருக்கு. குடிக்கிறதுல கலந்தாத்தான் கேக்கும்."

அம்மா, "ஏன் மதினி, கேக்க வேணாமா?" என்றாள். நண்பன் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டேங்கில் தண்ணீர். கார் வைத்திருக்கும் எவனையும் கலங்கடிக்க இந்த இரண்டு வார்த்தை போதும். அடுத்த நிமிஷம் கார் நிற்கும், இறங்கித் தள்ளவேண்டும், திங்கட்கிழமை கையெழுத்து என்று என் கண்முன்னே எல்லாம் ஓடியது. எதிரில் ஒரு பங்க் தெரிந்தது. உள்ளே திருப்பினேன்.

"ஓடுற வண்டிய எதுக்குடா நிறுத்துற?" என்றார் அப்பா.

"தண்ணியக் கொறைக்கணும்ப்பா. டேங்க் நெறையப் பெட்ரோல் போட்டுட்டா அது கரைஞ்சு இல்லாமப் போயிரும்."

"மாப்ள, அதான் ஓடுதுல்ல, விடேன்" என்றான் நண்பன்.

"நீ எலெக்ட்ரானிக்ஸ். பேசாமப் பெட்ரோல் கணக்க மாத்து."

பங்கில் இருந்ததிலேயே விலை கூடிய பெட்ரோலைக் காட்டினேன். எத்தனால் துளியும் கலக்காதது என்று எழுதி வைத்திருந்தார்கள். சுத்தமானது நல்லதுதானே. டேங்க் நிரம்ப ஊற்றச் சொன்னேன். நண்பன் கணக்கை மாற்றினான். மறுபடி கிளம்பினோம். நான்கு கிலோமீட்டர் போனது. பிறகு விக்கியது. சூப்பர்சார்ஜர் ஒரு தடவை பெருமூச்சு விட்டது. சமயநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வயலோரம், நின்றேவிட்டது. சாவியைத் திருகத் திருக மோட்டார் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை.

எல்லோரும் இறங்கினோம். வெயில் ஏறியிருந்தது. அப்பா அத்தையைப் பார்த்தார். அக்காவிடம் குரல் உயர்த்தி நான் அவரைப் பார்த்ததில்லை. அன்று உயர்த்தினார்.

"என்ன காரியம்க்கா பண்ணி வச்சிருக்க? பய ஆறு மாசம் கெடந்து உழைச்சிருக்கான். தண்ணிய ஊத்துனா எந்த எஞ்சின்தான் ஓடும்?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையா வேறு ஏதாவதா தெரியவில்லை. அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இது உன் தப்பில்ல. இது கணக்குல வராது. அடுத்த ஞாயிறு மறுபடி போவோம்."

ஷெட் பிழைத்தது. நான் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று, வாயை மூடிக்கொண்டு நிற்பது. நண்பன் பானெட்டுக்குப் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினான்.

ஆனால் அப்பா சொன்னது அறிவியல்படி தப்பு. தண்ணீர் ஊற்றினால் எந்த எஞ்சினும் ஓடாது என்பது பெட்ரோல் வண்டிக்குச் சரி. எங்கள் காருக்குச் சரியில்லை. அத்தைக்காகத்தான் வாயைத் திறந்தேன் என்று சொல்ல ஆசைதான். கொஞ்சம் அதுவும் இருந்திருக்கலாம். ஆனால் முக்கியமாக எனக்கு நாக்கு அரித்தது. நண்பனைக் குழாயைக் கழற்றச் சொல்லி, அம்மாவின் காலித் தண்ணீர் பாட்டிலில் அரைப்பாட்டில் பிடித்தேன். வெயிலுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். மேலே மஞ்சள், கீழே தனியாக ஒரு தெளிந்த அடுக்கு, நடுவில் கோடு போட்டதுபோல ஒரு பிரிவு.

"இங்க பாருங்க. எத்தனாலுக்குத் தண்ணின்னா உயிர். எவ்வளவு குடுத்தாலும் தனக்குள்ள வாங்கிக்கும். காலையில டேங்க்ல இருந்தது எம்பத்தஞ்சு சதவீதம் எத்தனால். அத்தை ஊத்துன தண்ணி அதுல கரைஞ்சு போச்சு, எஞ்சினுக்குத் தெரியவே தெரியாது. பெட்ரோலுக்குத் தண்ணி ஆகாது. பெட்ரோலக் கூட்டிக் கூட்டி எத்தனால் கொறஞ்சுபோனா, ஒரு கட்டத்துல எத்தனால் பெட்ரோல விட்டுப்போட்டுத் தண்ணியோட கீழ எறங்கிரும். பம்ப் டேங்கோட அடியிலதான் உறிஞ்சுது. அப்ப எஞ்சினுக்குப் போனது எது? கீழ இருக்கிற இந்த அடுக்கு. அதான் நின்னுபோச்சு."

அந்தப்பக்கம் வயலில் மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவர்கூட டேங்கை முதுகில் சுமந்தபடி வந்து நின்று கேட்டார். அத்தை பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவ்வளவு நன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன்.

அப்பா பாட்டிலை வாங்கி, இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"அப்ப போகும்போதும் அந்தத் தண்ணி உள்ளதான் இருந்துச்சு."

"ஆமாப்பா."

"வண்டிக்கு ஒண்ணும் ஆகல."

"ஆகாதுப்பா. அதத்தான் சொல்றேன்."

"பெட்ரோல் ஊத்தலன்னா வீடு வந்து சேந்திருக்கும்."

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. நண்பன் ஏற்கனவே நெற்றியில் கைவைத்து நின்றிருந்தான்.

"சேந்திருக்கும்ப்பா."

"பெட்ரோல் ஊத்துனது யாரு?"

மருந்தடிப்பவர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"நான்தான்."

அப்பா பாட்டிலை மூடி, என் கையில் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

"தெளிவாச் சொல்ற. ஒரு எடத்துலகூடத் தடுமாறல. நாளைக்குக் கிளாஸ்ல இதே மாதிரி சொல்லு, பிள்ளைகளுக்குப் புரியும்."

அத்தை அவர் தோளில் கைவைத்து, "நாந்தான் சொன்னேன்ல தம்பி, என் தண்ணியில ஒண்ணுமில்லன்னு" என்றாள். அவள் அப்படி எங்கேயும் சொல்லவில்லை. இருந்தாலும் முகம் தெளிந்துவிட்டது. அடுத்த ஜெபக் கூட்டத்துக்கு அவளுக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிட்டது, காரணத்தோடு.

நண்பன் தன் அப்பாவுக்கு போன் போட்டு டிராக்டர் கேட்டான். அவர் வயலில் இருந்தார், வர ஒரு மணி நேரமாகும். அதுவரை நெடுஞ்சாலையில் நிறுத்த முடியாது, லாரிகள் உரசிக்கொண்டு போயின. முந்நூறு அடி தள்ளி ஒரு புளியமர நிழல் இருந்தது. அப்பா ஸ்டீரிங்கில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற? தள்ளு."

நானும் நண்பனும் பின்னால் போய்க் கைவைத்தோம். ஜெர்மன்காரன் இரும்பில் சிக்கனம் பார்க்கவில்லை என்பது முதல் பத்தடியிலேயே தெரிந்தது. மருந்தடிப்பவர் டேங்கை இறக்கிவைத்துவிட்டு ஒரு கை கொடுத்தார்.

"மாப்ள," என்றான் நண்பன், மூச்சு வாங்க. "சும்மா நின்னிருந்தா அடுத்த ஞாயித்துக்கெழமை ஷெட் நமக்குத்தான்டா."

"தெரியும்."

"அப்புறம் என்ன எழவுக்குடா வாயத் தெறந்த?"

"அப்பா சொன்னது தப்புடா."

அவன் தள்ளுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு மறுபடி கைவைத்தான். ஷெட்டை அவன் ஒருவனாக நடத்துவது, சனிக்கிழமைகளில் நான் வருவது என்று மரத்தடி சேர்வதற்குள் பேசி முடித்துவிட்டோம். அப்பா கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்து, நாளைக்கு எட்டே முக்காலுக்குப் பாலிடெக்னிக்கில் இருக்கவேண்டும், சட்டையை இன்றைக்கே தேய்த்து வை என்றார்.